பன்னிரண்டாவது நிமிடத்தில் ஆமென்

எங்கள் ஆல்பத்தில் மொத்தம் இரண்டே வாசிப்புகள்தான். முதலாவது இருபத்தெட்டு நிமிடம். அதில் நான் பியானோவில் ஒரே ஒரு கட்டையை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பேன். இரண்டாவது நாற்பத்தோரு நிமிடம். அதில் முழுசாக வாசித்திருக்கிறேன். அந்த இரண்டாவதில் என் பியானோ இருக்குமா இருக்காதா என்று மூன்று நாள் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் கிளாஸோடு படிப்பை விட்டவள். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. பத்தாம் கிளாஸில் தோற்றவர்கள் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் சத்தமாக வாசிப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளி திறந்து மூன்று வாரமாகியும் இறங்கவில்லை. சரி, தையல் படிக்கட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். காய்ச்சலும் விட்டது. அன்று முதல் பிளவுஸ் தைக்கிறேன். தைத்துக் கொடுத்தபிறகு, கைக்குழி அக்குளில் இறுக்கிப் பிடிக்குமோ என்று அந்த அம்மா திரும்ப வந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை நிம்மதி கிடையாது. எங்கேயாவது கிளம்பினால் கேஸை அடைத்தேனா, பின்வாசலைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் என்னை ஏற்றுவார்.

பியானோ வந்தது கோயிலால். கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச். எனக்குப் பதினாறு வயதில், அங்கே வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட, யாரும் இல்லையே என்று கீர்த்தனைப் புத்தகத்தையும் நோட்டையும் வைத்து எழுத்துக்கூட்டி நானே வாசிக்கத் தொடங்கினேன். இன்றுவரை ஞாயிறு தவறாமல் அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆராதனையில் ஞானப்பாட்டு எது பாடினாலும் கடைசியில் ஆமென் உண்டு. பியானோவில் அது இரண்டே அழுத்து. முதல் அழுத்து ‘ஆ’, இரண்டாவது அழுத்து ‘மென்’. சபை முழுக்க எழுந்து நின்று கூடவே பாடும். அந்த இரண்டாவது அழுத்தில்தான் எனக்கு மூச்சு வரும். அப்பாடா, இன்றைக்கும் தப்பு வராமல் கரைசேர்ந்தாயிற்று என்று. முப்பது வருடத்துக்கு மேலாக இப்படி. யோசித்துப் பார்த்தால் நான் பாட்டு வாசித்ததே ஆமெனுக்குப் போய்ச் சேரத்தான்.

என் வீட்டுக்காரரின் தம்பி, என் கொழுந்தன், கல்ஃபில் ஒரு ஹோட்டலில் டபுள் பேஸ் வாசிக்கிறவர். ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும், நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். சாப்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிப்பதுதான் அவருடைய வேலை. ஆனால் அவருக்குப் பிடித்தது வேறு. அதை எனக்கு அவ்வப்போது போனில் அனுப்புவார். ஜாஸ் என்றார். முதல்முறை கேட்டபோது, வாத்தியத்தைச் சுருதி சேர்க்கிறார்கள், பாட்டு இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் ஒரு பாவாடைக்கு முழுசாக ஓரம் அடித்து முடித்தேன். பாட்டு வரவே இல்லை. மறுநாள் ஏனோ அதையே திரும்பப் போட்டேன். ஒருவர் தப்பாக ஏதோ அழுத்த, மற்றவர் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு எங்கேயோ போனார். யாரும் யாரையும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது.

போன லீவுக்கு வந்தபோது நான் ஹூக் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம்.

“மைனி, ஒங்களுக்கு ஒரு சோலி வச்சிருக்கேன். நாம ஒரு ஆல்பம் போடுகோம்.”

“என்ன பாட்டு?”

“பாட்டு ஒண்ணும் கெடையாது.”

“பின்னே எதை வாசிக்கது?”

“அங்க போய் உக்காந்தபெறவு எது வருகோ அது. நான் ஒண்ணு வாசிப்பேன், நீங்க கேட்டுட்டு பதில் சொல்லணும். ஆளுவ பேசிக்கிடுகது மாதிரி.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணிக்கூர், முக்கால் மணிக்கூர்.”

“யாரு முடிக்கது?”

“தானா முடியும் மைனி.”

“தானா எப்பிடி முடியும்? யாராவது முடிச்சாத்தானே முடியும்?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் நகைச்சுவைக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் டிரம்ஸ். மயிலாடிக்காரர். பகலில் கல் அறுக்கிற மெஷினில் வேலை, முகூர்த்த நாளில் கல்யாணக் கச்சேரி. அய்யாவழிக் குடும்பம், சர்ச்சுப் பழக்கம் கிடையாது, நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே வரமாட்டார். மெஷின் சத்தத்தில் இருபது வருடம் நின்றவர் என்பதாலோ என்னவோ, வாசிக்கும்போது மட்டும் அவ்வளவு மெதுவாக வாசிப்பார், பூனை அரிசியில் நடப்பதுபோல. என்னை அக்கா என்பார்.

இடம், இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு பழைய கோயிலின் ஹால். அங்கே பியானோ இருந்தது. கடற்காற்று தின்ற பியானோ. அடிப்பக்கத்தில் ஒரு கட்டை அழுத்தினால் கீழேயே நின்றுவிடும், விரலால் தூக்கிவிட வேண்டும். போதகர் வியாழன், வெள்ளி, சனி தந்தார். சனிக்கிழமை மதியத்தோடு காலிசெய்துவிட வேண்டும். ஞாயிறன்று அசனம், ஊர் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்குக் காய் வெட்டப் பெண்கள் சனிக்கிழமை மதியம் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை கொழுந்தனுக்குப் பிளைட்.

வியாழக்கிழமை டபுள் பேஸைப் பெட்ஷீட்டில் சுற்றி லோடு ஆட்டோவில் படுக்கவைத்தோம். உருண்டு விழுந்துவிடுமோ என்று நானும் பின்னால் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் டிரம்ஸ்காரர். ஒரு முக்கில் ஆட்டோ மெதுவானது. டீக்கடையில் நின்ற பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எப்பம் போச்சு மக்கா?” என்றார் என்னைப் பார்த்துப் பரிதாபமாக.

டிரம்ஸ்காரர்தான் சொன்னார்: “ஒண்ணும் போகல்லே பாட்டா, நல்ல சுகமாட்டுதான் இருக்கு. பாட்டுப் பாடக் கொண்டுபோறோம்.”

வண்டி கிளம்பிய பிறகும் அந்தப் பெரியவர் துண்டைக் கட்டவில்லை.

முதல் நாள் நன்றாகவே போனது. பயத்தில் என் விரல் எங்கும் போகாமல், அந்த மாட்டிக்கொள்கிற அடிக்கட்டையிலேயே நின்றது. அழுத்துவேன், தூக்கிவிடுவேன், அழுத்துவேன். கொழுந்தன் கண்ணைக் காட்டினார், அதையே செய்யுங்க என்று. இருபத்தெட்டு நிமிடம் செய்தேன். லேப்டாப்பில் போட்டுக் கேட்டபோது தூரத்தில் கப்பல் ஊதுவதுபோல இருந்தது. கொள்ளாம், நல்லா வந்திருக்கு என்றார்கள் இரண்டு பேரும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், இதற்கு எதற்குப் பியானோ தெரிந்த ஆள் என்றும் இருந்தது.

“நாளைக்கு முழுசா வாசிக்கணும் மைனி. அதுதான் மெயின்,” என்றார் கொழுந்தன்.

மறுநாள் ஆரம்பித்தது ஆமென் பிரச்சினை.

முதல் தடவை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது நிமிடத்தில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் தணிந்தோம். ஒரு அமைதி வந்தது. சபை நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. என் கை தானாகப் போய் இரண்டு அழுத்து அழுத்திவிட்டது. ஆ, மென். அழுத்தியதும் கை மடிக்கு வந்துவிட்டது. கொழுந்தன் கையும் தந்தியிலிருந்து எழும்பிவிட்டது. என்ன இருந்தாலும் அவரும் அதே கோயிலில் வளர்ந்தவர்தானே. நாங்கள் இருவரும் கையெடுத்ததைப் பார்த்து டிரம்ஸ்காரரும் நிறுத்தினார்.

“முடிஞ்சிட்டா?” என்றார்.

“முடிஞ்சிட்டு,” என்றார் கொழுந்தன்.

இரண்டாம் தடவை ஆறு நிமிடம். மூன்றாவது பதினொன்று. அதற்குப் பிறகு நான் அமைதி வருவதற்கு முன்னாலேயே பயந்து நாலாவது நிமிடத்தில் ஆமென் போட்டேன். சாயங்காலம்வரை எட்டு ஆமென்.

“அக்கா, இன்னிக்கு ஒரு முழு ஆராதனைய முடிச்சிட்டிய,” என்றார் டிரம்ஸ்காரர்.

வைத்தியம் பலதும் பார்த்தோம். இடது கையால் மட்டும் வாசித்தேன். இடது கைக்கும் ஆமென் தெரிந்திருந்தது. வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டு வாசித்தேன். மிட்டாய் கரைந்ததும் ஆமென் வந்தது. கொழுந்தன் ஒருதரம் கூடக் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக, வெப்ராளமாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் வெளியே நின்று பால் விடாத கட்டன்சாயா குடித்தோம். கொழுந்தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மைனி, நாளைக்கு மத்தியானம்வரைக்கும் பாப்போம். வரல்லேண்ணா நானும் தம்பியும் ரெண்டு பேராட்டு வாசிச்சு முடிச்சிருகோம். நீங்க வருத்தப்படாண்டாம். மொதல்லதுல ஒங்க பியானோ இருக்குல்லா.”

இருக்கிறது. ஒரு கட்டை.

வீட்டுக்குப் போகும்போது, “நானே வரல்லேன்னு சொல்லிரட்டா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“சொல்லு. சொல்லிட்டு அடுத்த பத்து வருசம் அதை நெனச்சு பொலம்பு. நானும் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுகேன்,” என்றார்.

அவர் சொன்னது சரி. என்னை எனக்குத் தெரியும். ஒன்பதாம் கிளாஸோடு விட்டதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பவள் நான். எழுதித் தோற்றிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே ஹாலில் இருந்தோம். உட்கார்ந்ததும் டிரம்ஸ்காரரிடம் ஒன்று கேட்டேன்.

“தம்பி, ஒண்ணும் நெனைக்காதீய. நீங்க என் மொகத்தையே பாத்துக்கிட்டு வாசிக்கிய. இப்ப நிறுத்தப்போறாளோன்னு பாக்க மாதிரியே இருக்கு எனக்கு. கொஞ்சம் அங்க திரும்பி இரியளா?”

“அதுக்கென்னக்கா,” என்று டிரம்ஸ் முழுவதையும் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர் ஆட்டோவில் தூங்கப் போய்விட்டார். ஃபேன் சத்தம் பதிவாகும் என்று அணைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம்.

அப்போதுதான் காய்கறி வந்தது.

மதியம் என்று சொல்லியிருந்த பெண்கள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பதினைந்து பேர், அரிவாள்மணையும் கத்தியுமாக. சாக்குச் சாக்காகப் பூசணிக்காயும் தடியங்காயும் வாழைக்காயும் வராந்தாவில் இறங்கின. கோயிலில் மணியடிக்கிற, காவல் பார்க்கிற கோயில்பிள்ளை ஓடிப்போய்த் தடுத்தார்.

“உள்ள ரெக்கார்டிங் நடக்கு. பன்னெண்டு மணிக்கு வாங்கம்மா.”

“அதுவரைக்கும் நாங்க காயை மடியில வச்சுத் தாலாட்டவா? அஞ்சு சாக்கு இருக்கு ஓய்,” என்றது ஒரு குரல்.

“வராந்தாவில இருந்து வெட்டுகோம். ஒரு வார்த்தை மிண்டமாட்டோம். நீரு சத்தம் போடாம இரும்,” என்றது இன்னொன்று.

கொழுந்தன் கதவிடுக்கில் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நடக்கது நடக்கட்டும்,” என்று சொல்லி லேப்டாப்பில் பதிவைத் தட்டிவிட்டு வந்து பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அவர் ஆரம்பித்தார். கீழே, மிகக் கீழே, நாலு சுரம். நான் மேலே ஒன்று சொன்னேன். அவர் அதைத் திருப்பிக் கேட்டார். டிரம்ஸ்காரர் சுவரைப் பார்த்தபடி குச்சியை விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் என்ன வாசித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது ஞாபகமிருக்கிறது. வெளியே கத்திகள் பலகையில் விழும் சத்தம். டக், டக், டக். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவும் பேசுகிற ஆள்களில் ஒன்றாகிவிட்டது.

பத்து நிமிடம் தாண்டியிருக்கும். ஒரு பெரிய அலை மாதிரி மூன்று பேரும் ஏறினோம், ஏறிய வேகத்தில் இறங்கினோம். இறங்கினால் அங்கே அது இருந்தது, அந்த அமைதி. கூடாது கூடாது என்று மனசுக்குள் கத்துகிறேன். கை போய்விட்டது.

ஆ.

மென்.

அழுத்திய கணத்தில், வெளியே கத்திச் சத்தம் மொத்தமும் நின்றது. வராந்தாவிலிருந்து பதினைந்து தொண்டை, மூன்று குரலாகப் பிரிந்து, நிதானமாக, இழுத்து, அழகாகப் பாடியது: “ஆ... மென்.”

வேண்டுமென்று செய்யவில்லை பாவம். அந்த இரண்டு அழுத்தைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாகத் திறக்கும். கையில் பூசணிக்காய் இருந்தால் என்ன, பூட்டுச்சாவி இருந்தால் என்ன. கொழுந்தனைப் பார்த்தேன். அவர் பேஸை விட்டுக் கையை எடுத்து, தலை குனிந்து நின்றிருந்தார், ஆசீர்வாதம் வாங்குகிறவர் போல.

முடிந்தது. எது நடக்கக்கூடாது என்று முந்தின நாளிலிருந்து பயந்தேனோ அது, ஊரே கூடிச் சாட்சி சொல்ல, மைக்கில் பதிவாகி, நடந்து முடிந்துவிட்டது. இதற்குமேல் கெடுப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

ஆனால் டிரம்ஸ் நிற்கவில்லை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு எங்கள் கை எழும்பியது எப்படித் தெரியும்? ஆமென் என்றால் முடிவு என்பதும் அவர் வளர்ந்த இடத்து வழக்கமில்லை. அவருக்கு அது இரண்டு நல்ல அழுத்து, பின்னால் பெண்களின் நல்ல குரல். அவ்வளவுதான். பிரஷ் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே பெண்கள் திரும்ப வெட்ட ஆரம்பித்தார்கள். டக், டக். அவர் அந்த டக்கைப் பிடித்துக்கொண்டார். டக் விழுகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு குறும்போடு, தட்டினார். அவர்கள் தட்ட, இவர் தள்ளித் தட்ட, அவர்கள் வேகத்தைக் கூட்டினார்களா, இவர் கூட்டினாரா தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஒரு கட்டையைத் தொட்டேன். பயம் எங்கே என்று தேடினேன், காணவில்லை. கெட்டுப்போன வாசிப்புதானே, இனி என்ன ஆனால் என்ன. இன்னொன்றைத் தொட்டேன். பிறகு இரண்டு கையும் இறங்கின. கொழுந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு நிமிடம் கழித்து அவரும் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் இதற்குமுன் போகாத இடம். மாட்டிக்கொள்கிற அடிக்கட்டை மாட்டிக்கொண்டபோது தூக்கிவிடாமல் அப்படியே விட்டேன், அது உறுமிக்கொண்டே கிடந்தது. தப்பாக அழுத்தினேன், அதே தப்பை இன்னும் இரண்டு தரம் பலமாக அழுத்தினேன். கொழுந்தன் அதைக் கேட்டு அப்படியே திருப்பித் தந்தார். நடுவில் இரண்டு முறை அமைதி வந்தது. வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கை மடியில் இருந்தது, பிறகு தானாக எழுந்தது.

இரண்டு பேரும் எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை. நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை பட்டது. கொழுந்தன்.

“மைனி, போதும். நாங்க நிறுத்தி ரெண்டு நிமிஷமாச்சு. அவியளுக்கு இடம் வேணுமாம்.”

வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று, கையில் முறத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லேப்டாப்பைப் பார்த்தார் கொழுந்தன். “நாப்பத்தோரு நிமிஷம்,” என்றார். பிறகு பியானோ மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். “ஆமென் பன்னெண்டாவது நிமிஷத்துல கெடக்கு. அதை வெட்டமாட்டேன். யாரு சொன்னாலும் வெட்டமாட்டேன்.”

டிரம்ஸ்காரர் அப்போதுதான் திரும்பினார். “நடுவில பொம்பளையளுக்க குரல் வந்துதுல்லா, அது சூப்பர். நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சொல்லாம ஏற்பாடு பண்ணினிய, என்ன?”

கொழுந்தன் மறுபடியும் பியானோ மேல் தலையைக் கவிழ்த்துவிட்டார்.

பெண்களில் மூத்தவர் என்னிடம் நேராக வந்தார். “ஏட்டி, நீ வாசிச்சது என்ன பாட்டு? நாங்க எல்லாரும் யோசிச்சுப் பாத்தோம், ஒரு புஸ்தகத்திலயும் இல்லியே?”

“புஸ்தகத்துல இல்ல அக்கா.”

“அதான பாத்தேன். ஆமென் வேற பாதியிலயே போட்டுட்ட. நாங்க எந்திரிச்சு நின்னுட்டு, பெறவு எப்ப உக்காரணும்னு தெரியாம, நின்னுகிட்டே வெட்டினோம் தெரியுமா? இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. வா, வந்து கை குடு.”

கொழுந்தனும் டிரம்ஸ்காரரும் வயர்களைச் சுற்ற ஆரம்பித்தார்கள். நான் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்து ஒரு பூசணிக்காயை இழுத்துக்கொண்டேன். ஒரு துண்டு குட்டியாக, அடுத்தது உள்ளங்கை அளவில், அடுத்தது கோணலாக விழுந்தது.

“சாம்பாருக்கு இப்பிடியா வெட்டுவா? ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லியே,” என்றார் மூத்தவர்.

“வேவும்போது சேந்துக்கிடும் அக்கா,” என்று சொல்லிவிட்டு அடுத்ததை இன்னும் பெரிதாக வெட்டினேன்.